முன்னாள் அதிபர் மன்றோவின் நிலுவைக் கணக்கு: அரசு கொடுத்தது கடனா, கருணையா?

நெடுங்கரை எழுதியது:

அமெரிக்காவின் ஐந்தாவது அதிபர் ஜேம்ஸ் மன்றோ, எட்டாண்டுப் பதவிக்காலம் முடிய இரண்டு மாதங்களே எஞ்சியிருந்த நிலையில், 1825 சனவரி 5 அன்று அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கு ஒரு செய்தி அனுப்பினார். தாம் வெளிநாடுகளில் தூதராக இருந்த காலத்துச் செலவுக் கணக்குகள் இன்னும் முழுமையாகத் தீர்க்கப்படவில்லை என்றும், பதவியை விட்டு இறங்கும் இவ்வேளையில் அவற்றை ஆராய்ந்து, அரசு தமக்குத் தர வேண்டியது ஏதேனும் உண்டா என்று முடிவு சொல்ல வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார். (சென்னையில் சேணமில்லாக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறு. இருவரும் ஒரே காலத்தவர்கள். ஆங்கிலத்தில் எழுத்து மாறும். தமிழில்தான் பெயர் ஒன்றாகிவிடுகிறது.)

கணக்கின் வேர் முப்பது ஆண்டுகள் பின்னால் இருக்கிறது. 1794-இல் வாஷிங்டன் அவரைப் பிரான்சுக்குத் தூதராக அனுப்பினார். 1796-இல் அவரே திரும்ப அழைத்துக்கொண்டார். குளிர்காலக் கடலில் குடும்பத்தோடு கப்பலேற முடியாமல் மன்றோ 1797 வசந்தம் வரை அங்கேயே தங்க நேர்ந்தது. அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்பது முதல் கேள்வி. 1803-இல் அதிபர் ஜெஃபர்சன் அவரைச் சிறப்புத் தூதராக மீண்டும் பாரிசுக்கு அனுப்பினார். லூசியானா நிலப்பரப்பு ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கப்பட்டது அந்தப் பயணத்தில்தான். அங்கிருந்து லண்டன், இடையில் மாட்ரிட், மீண்டும் லண்டன் என்று 1807 வரை அவர் ஊர் திரும்பவில்லை. தூதர் புறப்படும்போது தரும் ஆயத்தத் தொகை, பயணச் செலவு, தூதரகத்தின் சில்லறைச் செலவுகள், இவை அனைத்துக்கும் ஓடிய வட்டி என்று அவர் கேட்ட மொத்தம் ஏறத்தாழ 53,000 டாலர்.

1826-இல் காங்கிரஸ் 29,513 டாலர் கொடுத்தது. மீதிக்காக அவர் மேலும் ஐந்தாண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். 1831-இல், சேவைக்கும் இழப்புக்கும் தியாகத்துக்கும் என்று பொதுப்படையாகச் சொல்லி, மேலும் 30,000 டாலர் கொடுத்தார்கள். அதே ஆண்டு சூலை 4 அன்று இறந்துபோனார்.

அரசு கொடுத்தது ஒரு கடனைத் தீர்த்த செயலா, முதிய தலைவர் ஒருவருக்கு இட்ட பிச்சையா என்பதே என் கேள்வி. கடன் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடையவர்கள் காரணத்தோடு எழுத வேண்டுகிறேன்.


திண்ணைவாசி எழுதியது:

ஓர் எளிய ஐயம். 1811 முதல் 1817 வரை வெளியுறவு அமைச்சர், இடையில் போர்த்துறையும் அவர் கையில், பிறகு எட்டாண்டுகள் அதிபர். கருவூலமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது வாய் திறவாதவர் வீட்டுக்குப் போகும்போது மட்டும் ஏன் கேட்கிறார்?


நெடுங்கரை எழுதியது:

நண்பர் திண்ணைவாசி கேட்டது அன்றும் கேட்கப்பட்ட கேள்விதான். கணக்கைச் சரிபார்க்கும் அலுவலர்கள் எல்லோரும் அதிபரின் கீழ் இருப்பவர்கள். அவர்களிடம் போய் ‘எனக்கு வரவேண்டியதைக் கொடுங்கள்’ என்று அதிபரே கேட்டால், அவர்கள் மறுக்கவும் முடியாது, அவர்கள் கொடுத்ததை ஊர் நம்பவும் நம்பாது. கருவூலம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதுதான் அவர் கையை நீட்டாமல் இருந்ததற்கும் காரணம். பதவியில் இருந்த காலத்தில் அவர் கேட்டிருந்தால், இன்று நாம் அவரைப் பற்றி வேறொரு தலைப்பில் பேசிக்கொண்டிருப்போம்.


பழைய வவுச்சர் எழுதியது:

முப்பத்திரண்டு ஆண்டுகள் தணிக்கைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கோரிக்கை என் மேசைக்கு வந்திருந்தால் முதல் வாசிப்பிலேயே பாதிக்கு மேல் ஆட்சேபணை எழுதியிருப்பேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதலாவது, காலக்கெடு. செலவு செய்த ஆண்டு ஒன்று, பட்டியல் வைத்த ஆண்டு ஒன்று, இரண்டுக்கும் நடுவே இருபது முப்பது ஆண்டுகள் என்றால், சரிபார்க்கும் அலுவலர் எதை வைத்துச் சரிபார்ப்பது? இரண்டாவது, வவுச்சர், அதாவது செலவுக்கான சான்றுச் சீட்டு. வாஷிங்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1775-இல் படைத்தலைவராக அவரை நியமித்தபோது சம்பளமும் செலவுமாக மாதம் 500 டாலர் என்று காங்கிரஸ் நிர்ணயித்தது. அவர் சம்பளம் வேண்டாம் என்றார், செலவுக்குத் துல்லியமாகக் கணக்கு வைப்பேன், அதைத் திருப்பித் தந்தால் போதும் என்றார். போர் முடிந்த 1783-இல் தம் கையாலேயே எழுதிய கணக்கை ஒப்படைத்தார். இப்படி வைத்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. மூன்றாவது, வட்டி. அரசு ஒப்புக்கொள்ளாத தொகைக்கு வட்டி ஓடாது. ஒப்புக்கொண்ட தேதியிலிருந்துதான் ஓடும். 1797-இல் இருந்தே வட்டி கட்டிக்கொண்டு வந்தால், அசல் பூனைக்குட்டியாகவும் வட்டி யானையாகவும் ஆகிவிடும்.

பயணப்படிப் பட்டியலைத் தாமதமாக வைத்த எத்தனையோ கீழ்நிலை ஊழியர்களுக்கு நாங்கள் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறோம். அவர்களுக்கு ஒரு நியாயம், அதிபருக்கு ஒரு நியாயம் என்று வைக்க முடியாது.


நெடுங்கரை எழுதியது:

பழைய வவுச்சர் ஐயா சொல்வது எழுதப்பட்ட விதிகள் உள்ள அலுவலகத்துக்கு முழுவதும் பொருந்தும். மன்றோ பணியாற்றிய இடத்தில் விதி எந்த அளவுக்கு இருந்தது என்று பார்க்க வேண்டும்.

1790-ஆம் ஆண்டுச் சட்டப்படி தூதருக்கு ஆண்டுச் சம்பளம் அதிகபட்சம் 9,000 டாலர். பதவியேற்கப் புறப்படும்போது வீடு, வண்டி, உடை, தட்டுமுட்டுச் சாமான்களுக்காக ஓராண்டுச் சம்பளத்துக்கு மிகாத ஆயத்தத் தொகை. சட்டம் ஒரு தூதர் ஒரு தலைநகருக்குப் போய் அங்கேயே இருப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதப்பட்டது. 1803-இல் மன்றோவுக்கு நேர்ந்ததோ வேறு. மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரம் மேற்குப் பகுதி உழவர்களுக்கு அடைக்கப்பட்டுவிட்டது. போர் வரும் என்ற பேச்சு. ஜெஃபர்சன் அவரைக் கேட்டுவிட்டு நியமிக்கவில்லை. நியமித்துவிட்டுத்தான் கடிதம் எழுதினார், எல்லாருடைய கண்களும் நம்பிக்கையும் உம்மீதே இருக்கின்றன, மறுத்துவிடாதீர் என்று. மன்றோ அப்போதுதான் வர்ஜீனியா ஆளுநர் பதவி முடிந்து வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிக் கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்று நினைத்திருந்தார். பயணச் செலவுக்காகத் தம் வெள்ளிப் பாத்திரங்களையும் பீங்கான்களையும் நண்பர் மேடிசனுக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார். வாங்கிய மேடிசன் அப்போது வெளியுறவு அமைச்சர். அமைச்சரின் துறைப் பணிக்காகப் போகிறவர் அமைச்சருக்கே தம் பாத்திரத்தை விற்றுக் காசு திரட்டுகிறார் என்பதை ஐயா எந்தத் தலைப்பில் பதிவு செய்வார்?

இன்னொன்றும் கேட்கிறேன். 1795 சனவரி. அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்ற பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்தின் மனைவி அட்ரியன் பாரிசில் சிறையில் இருக்கிறார். அவருடைய பாட்டி, தாய், தமக்கை மூவரையும் முந்தைய ஆண்டுதான் கில்லட்டினில் வெட்டியிருந்தார்கள். அமெரிக்கத் தூதர் அரசுமுறையில் வாய் திறந்தால் இரு நாட்டு உறவுக்கே கேடு. ஆகவே மன்றோ என்ன செய்தார் என்றால், தனியார் வண்டிகளே தெருவில் காணாமல் போயிருந்த அந்நாளில் ஒரு நல்ல வண்டியை ஏற்பாடு செய்து, சீருடைப் பணியாட்களை நிறுத்தி, தம் மனைவி எலிசபெத்தை அதில் ஏற்றிச் சிறை வாசலுக்கு அனுப்பினார். தெரு முழுவதும் கூட்டம் கூடி, யார், எதற்கு என்று கேட்டது. அமெரிக்கத் தூதரின் மனைவி லஃபாயெத்தின் மனைவியைப் பார்க்க வந்திருக்கிறார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அதே மாதம் அட்ரியன் விடுவிக்கப்பட்டார். அந்த வண்டிக்கு வவுச்சர் எங்கே என்று கேட்டால் இருக்காது. அது அரசுச் செலவு இல்லை என்று சொல்ல உங்களால் முடியுமா? லக்சம்பர்க் சிறையிலிருந்து விடுவித்த எழுத்தாளர் தாமஸ் பெய்னை ஓராண்டுக்கு மேல் தம் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.


மாறன்குளம் எழுதியது:

நெடுங்கரை எழுதியதைப் படித்தால் கண்ணில் நீர் வருகிறது. ஆனால் கூட்டல் கணக்கு கண்ணீரைத் துடைத்துவிடும்.

அதிபரின் ஆண்டுச் சம்பளம் 25,000 டாலர். எட்டாண்டுக்கு இரண்டு லட்சம். அதற்கு முன் தூதராக ஆண்டுக்கு 9,000, அமைச்சராகச் சம்பளம், ஆளுநராகச் சம்பளம். 1831 ஏப்ரலில், மன்றோ இறப்பதற்குச் சில வாரங்கள் முன்னால், அவரை நியூயார்க்கில் சென்று பார்த்த ஜான் குவின்சி ஆடம்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியதன் சாரம் இது: நாடு தோன்றிய நாள் முதல் பொதுப்பணத்திலிருந்து இவரைவிட அதிகம் பெற்றவர் எவரும் இல்லை, இவர் வாழ்வு முழுவதும் நற்பேறுகளின் தொடர்ச்சி, இருந்தும் இப்போது வறுமையில் இறந்துகொண்டிருக்கிறார். இதை எழுதியவர் எதிரி அல்லர். எட்டாண்டுகள் மன்றோவின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர், அவருக்குப் பின் அதிபரானவர், தாமும் ஐரோப்பியத் தலைநகரங்களில் அதே 9,000 டாலரில் குடும்பம் நடத்தியவர்.

மன்றோவைக் கடனாளியாக்கியது தூதரகச் செலவு மட்டும்தானா? ஹைலண்ட் பண்ணை, லவுடன் மாவட்டத்தில் ஓக் ஹில் மாளிகை, வர்ஜீனியக் கனவான் என்ற தோரணை, விலை விழுந்துகொண்டே இருந்த நிலம். பதவி விலகும்போது ஏறத்தாழ 75,000 டாலர் கடன் என்று சொல்வார்கள். அரசு தர வேண்டியது என்று அவரே சொன்னது 53,000. மீதி யார் செய்த கடன்? அண்டை வீட்டுக்காரரான ஜெஃபர்சன் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் வைத்துவிட்டு, அதை அடைக்கப் பரிசுச்சீட்டு நடத்த 1826-இல் வர்ஜீனியச் சட்டமன்றத்திடம் அனுமதி வாங்கினார். அந்த வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். வருமானத்துக்கு மேல் வாழ்ந்த ஒரு வர்க்கத்தின் கடனை நாட்டுச் சேவையின் கணக்கில் எழுதப் பார்க்கிறோம் என்பது என் எண்ணம்.


கடற்குருவி எழுதியது:

மன்றோவை மட்டும் தனியாக எடுத்துப் பேசினால் இது அவருடைய குணத்தைப் பற்றிய வழக்காகிவிடும். அவருக்கு முன்னும் பக்கத்திலும் இருந்தவர்களைப் பார்த்தால் அந்த அரசின் குணம் தெரியும்.

சைலஸ் டீன் 1776-இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்டவர். சொந்தப் பொறுப்பில் ஆயுதங்களும் உடைகளும் வாங்கி அனுப்பினார். 1778-இல் அவரைத் திரும்ப அழைத்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. கணக்கு கேட்கத்தான் அழைக்கிறார்கள் என்று தெரியாததால் கணக்கேடுகளைப் பாரிசிலேயே வைத்துவிட்டுக் கிளம்பி வந்தார். வந்த இடத்தில், ஏடு எங்கே என்று கேட்டுக் கள்ளன் பட்டம் கட்டினார்கள். 1789-இல் இறந்தார். 1842-இல், அதாவது ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, முன்பு செய்த தணிக்கை பிழையானது, அநீதியானது என்று காங்கிரசே ஒப்புக்கொண்டு அவருடைய வாரிசுகளுக்கு 37,000 டாலர் கொடுத்தது. டீனுக்குச் சரக்குக் கொடுத்த பிரெஞ்சு நாடகாசிரியர் பொமார்ஷேயின் வாரிசுகளும் 1835 வரை காத்திருந்தே 8 லட்சம் பிராங்க் பெற்றார்கள்.

பிராங்க்ளினும் தப்பவில்லை. 1788-இல் காங்கிரசின் செயலாளர் சார்லஸ் தாம்சனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், பிரான்சில் தாம் வகித்த பொறுப்புகளின் கணக்கைக் காங்கிரஸ் முடித்துக் கொடுக்கவே இல்லை என்று அவர் வருந்தியிருக்கிறார். 1790-இல் அவர் இறந்தபோதும் அது முடியவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பளிப்பது டேனியல் டாம்ப்கின்ஸ். மன்றோவின் எட்டாண்டிலும் துணை அதிபராக இருந்தவர். பிரித்தானியருடன் நடந்த 1812-ஆம் ஆண்டுப் போரின்போது நியூயார்க் ஆளுநர். படைக்குப் பணம் இல்லை, வங்கிகள் அரசை நம்பவில்லை, ஆளுநரின் சொந்தக் கையெழுத்தை நம்பின. தம் பெயரிலேயே கடன் வாங்கிப் படையை நடத்தினார். போர் முடிந்ததும் மாநிலக் கணக்காளர் ஏறத்தாழ 1,20,000 டாலருக்குக் கணக்கில்லை என்று அறிவித்தார். வவுச்சர்கள் குழம்பியும் தொலைந்தும் போயிருந்தன. மத்திய அரசு அவருடைய துணை அதிபர் சம்பளத்தைக்கூட நிறுத்திவைத்தது. பிறகு, அரசுதான் அவருக்குத் தர வேண்டும் என்று 1824-இல் முடிவானது. அதற்குள் அவர் மதுவுக்கு அடிமையாகியிருந்தார். 1825 சூனில், ஐம்பதாவது வயதில் இறந்தார்.

அந்த ஆட்சியில் முதலிடத்தில் இருந்தவருக்கும் இரண்டாமிடத்தில் இருந்தவருக்கும் ஒரே காலத்தில் தீராத செலவுக் கணக்கு. இருவரும் ஒரே சமயத்தில் ஊதாரிகள் ஆனார்கள் என்று மாறன்குளம் சொல்வாரா?


பழைய வவுச்சர் எழுதியது:

கடற்குருவி எழுதியது என்னை யோசிக்க வைத்தது. டீனின் கணக்கேடு கதையைப் படித்தபோது, முன்னறிவிப்பு கொடுக்காமல் கணக்கு கேட்பது தணிக்கை ஆகாது, பொறிவைப்பது என்று என் முதல் மேலதிகாரி சொன்னது நினைவுக்கு வந்தது.

என் முந்தைய பதிவில் ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். அமெரிக்க அரசின்மீது பணக் கோரிக்கை உள்ள ஒருவர் வழக்குத் தொடர அக்காலத்தில் நீதிமன்றம் கிடையாது. அதற்கென்று ஒரு நீதிமன்றம் 1855-இல்தான் ஏற்பட்டது. அதுவரை கருவூலத் தணிக்கையாளர் சட்டத்தின் எழுத்துப்படி அனுமதிக்க மறுத்துவிட்டால், எஞ்சிய ஒரே வழி காங்கிரசிடம் மனு. மனு ஒரு குழுவுக்குப் போகும், குழு அறிக்கை எழுதும், அறிக்கை வாக்கெடுப்புக்கு வரும். அல்லது கூட்டத்தொடர் முடிந்து மறு ஆண்டு முதலிலிருந்து தொடங்கும். கிடைத்தால் அது தனிநபர் சட்டமாகக் கிடைக்கும். இத்தகைய சட்டங்களுக்கு ‘இன்னாருக்கு நிவாரணம்’ என்று தலைப்பிடுவது அங்கே மரபு. பலசரக்குக் கடைக்காரரின் பாக்கியும் நிவாரணம், போரில் எரிந்த வீட்டின் இழப்பீடும் நிவாரணம், முன்னாள் அதிபரின் தூதரகச் செலவும் நிவாரணம்.

ஆகவே ‘கடனா, கருணையா’ என்று நெடுங்கரை கேட்டதற்கு, அந்த அரசிடம் இரண்டுக்கும் ஒரே படிவம்தான் இருந்தது என்பதே என் விடை. விதி இல்லாத இடத்தில் வவுச்சர் கேட்டது என் தவறு. ஆனால் வட்டி பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.


செங்காந்தள் எழுதியது:

இவ்வளவு நேரமும் எல்லோரும் டாலரைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த டாலரில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

1828-இல் மன்றோ தம் கோரிக்கைகளை விளக்கி ஒரு நூலையே சார்லட்ஸ்வில் நகரில் அச்சிட்டு வெளியிட்டார். மக்கள் மீதும் அரசின் மீதும் தமக்குள்ள தீராத கோரிக்கைகள் என்பது அதன் தலைப்பிலேயே உண்டு. அதே 1828-இல், அதே வட்டாரத்தில், ஹைலண்ட் பண்ணையில் அடிமைகளாக வைத்திருந்த ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் புளோரிடாவைச் சேர்ந்த ஜோசப் ஒயிட் என்பவருக்கு விற்றார். மார்ச் மாதம் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே சொல்கிறார். விலை 5,000 டாலர். அந்தப் பணம் அவர் கைக்கு வரவில்லை. 1812 போர்க்காலத்தில் பெருவணிகர் ஜான் ஜேக்கப் ஆஸ்டரிடம் வாங்கியிருந்த கடனுக்கு ஈடாக நேரே ஆஸ்டருக்குப் போனது. அவர்களைக் குடும்பம் குடும்பமாகத்தான் கொண்டு செல்கிறார்கள் என்று ஓர் ஆறுதலையும் அவர் சேர்த்து எழுதியிருக்கிறார். காசா பியாங்கா என்ற பருத்தித் தோட்டத்துக்கு, பல நூறு மைல் தெற்கே.

அரசு காலத்தில் கொடுக்காததால் அவருடைய பாத்திரம் விற்பனைக்குப் போனது என்று நெடுங்கரை எழுதினார். அதே வாதத்தை நீட்டினால், அரசு கொடுக்காத தொகைக்கு விலையாகப் போனவர்கள் இந்த மனிதர்களும்தான். மாறன்குளத்தின் வாதத்தை எடுத்துக்கொண்டாலும், அந்தக் கனவான் தோரணையின் செலவைச் சுமந்தவர்கள் இவர்களே. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கடைசியில் இவர்கள்தான் நிற்கிறார்கள். இவர்கள் யாரும் காங்கிரசுக்கு மனு எழுத முடியாது. தங்கள் முப்பதாண்டு உழைப்புக்கு ஆறு விழுக்காடு வட்டி கேட்க முடியாது. ‘இழப்பு’, ‘தியாகம்’ என்ற சொற்களை மன்றோவின் கணக்கில் படிக்கும்போது எனக்கு இதுதான் தோன்றுகிறது.


மாறன்குளம் எழுதியது:

செங்காந்தள் அம்மா சொன்னதற்கு மறுமொழி என்னிடம் இல்லை. வர்க்கத்தின் செலவு என்று நான் எழுதியபோது வீட்டையும் விருந்தையும் மட்டுமே நினைத்தேன்.

கடற்குருவிக்கு: இருவரும் ஊதாரிகள் என்று சொல்லவில்லை. ஆனால் டாம்ப்கின்ஸின் கடனும் மன்றோவின் கடனும் ஒரே வகை அல்ல. ஆளுநர் படைக்கு வாங்கிய கடன் முழுக்க முழுக்க அரசின் கடன். அவர் கையெழுத்து வெறும் முத்திரை. லண்டனில் ஒரு தூதர் தம் மகளுக்கு உடை வாங்கியதும் விருந்து வைத்ததும் எந்தப் புள்ளியில் நாட்டுக்காக, எந்தப் புள்ளியில் வீட்டுக்காக என்று யார் பிரிப்பது? 1817-இல் ஒன்று நடந்தது. பிரித்தானியர் எரித்த அதிபர் மாளிகையைச் செப்பனிட்டுக் குடிபுகும்போது, மன்றோ தம் சொந்த அறைகலன்களையே அரசுக்கு விற்றார். 9,000 டாலருக்குச் சற்று மேல். தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணத்தைக் கையாண்ட பொறுப்பாளர் 1822-இல் இறந்தபோது கணக்கில் பள்ளம் இருந்தது, காங்கிரஸ் விசாரித்தது. வீட்டுச் சாமானும் அரசுச் சாமானும் கலந்துவிட்டால் நேர்மையானவர் பெயரிலும் கறை படியும். 1825 செய்திக்குப் பின்னால் அந்தக் கறையைத் துடைக்கும் அவசரமும் இருந்தது என்று நினைக்கிறேன்.


நெடுங்கரை எழுதியது:

அறைகலன் விவகாரத்தை நான் விட்டுவிட்டதைச் சுட்டியதற்கு நன்றி. அது இழையில் இருக்க வேண்டியதே. செங்காந்தள் எழுதியதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கருணை என்றால் காங்கிரஸ் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதே சமயத்தில் ஒரு சான்று இருக்கிறது. லஃபாயெத் 1824-இல் அமெரிக்காவுக்கு விருந்தினராக வந்தார். ஊர்தோறும் தோரணம். காங்கிரஸ் அவருக்கு இரண்டு லட்சம் டாலரும் ஒரு பெரும் நிலப்பரப்பும் கொடுத்தது. மனு இல்லை, ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு இல்லை. அந்தச் சட்டம் 1824 திசம்பர் 28 அன்று கையெழுத்தானது. கையெழுத்திட்டவர் அதிபர் மன்றோ. எட்டு நாள் கழித்துத்தான் தம் கணக்கைப் பற்றிய செய்தியை அனுப்புகிறார். கொடைக்கு ஒரு மாதம்கூட ஆகாத இடத்தில் பாக்கிக்கு ஆறாண்டு ஆனது. பிறகு மன்றோவின் நிலையைக் கேள்விப்பட்ட லஃபாயெத் தம் பங்கிலிருந்து உதவ முன்வந்தார், மன்றோ ஏற்கவில்லை. நண்பரிடம் வாங்க மறுத்தவர் அரசிடம் கேட்டுக்கொண்டே இருந்தார் என்றால், அரசிடம் கேட்டதை அவர் உதவியாகக் கருதவில்லை என்றுதானே பொருள்?


பழைய வவுச்சர் எழுதியது:

நேற்றிரவு தூக்கம் வராமல் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். பழக்கதோஷம்.

கேட்டது ஏறத்தாழ 53,000. 1826-இல் கொடுத்தது 29,513. நின்ற பாக்கி ஏறத்தாழ 23,487. செங்காந்தள் அம்மா குறிப்பிட்ட ஆறு விழுக்காட்டுத் தனிவட்டியையே வைத்து, 1826-இலிருந்து 1831 வரை ஐந்தாண்டுக்குப் பார்த்தால் வட்டி 7,046. பாக்கியும் வட்டியும் சேர்ந்து 30,533. காங்கிரஸ் கொடுத்தது 30,000.

காங்கிரஸ் இப்படிக் கணக்கிட்டுக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. முதல் எண்ணே ‘ஏறத்தாழ’ என்பதால் இதை யாரும் ஆதாரமாக எடுத்துச் செல்ல வேண்டாம். ஆனால் ஒரு முழு எண்ணை, சேவைக்கும் இழப்புக்கும் தியாகத்துக்கும் என்று பொதுப்படையாகச் சொல்லிக் கொடுத்த தொகை, பழைய பாக்கியும் வட்டியும் எவ்வளவு வருமோ அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது. என் பணிக்காலத்தில் இப்படிப்பட்ட தீர்வுகளைப் பார்த்திருக்கிறேன். பாக்கி என்று எழுதினால் முன்பு மறுத்தது தவறு என்றாகிவிடும்; நாளை இன்னும் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். ஆகவே ‘சிறப்பு நேர்வாக’ என்று கோப்பில் எழுதிவிட்டுக் கொடுப்போம். வாங்குகிறவருக்குப் பணம் கிடைக்கும். அவர் சொன்னது சரி என்ற தீர்ப்பு மட்டும் கிடைக்காது. மன்றோ அந்தத் தீர்ப்பைத்தான் அதிகம் கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன். வட்டி பற்றிய என் ஆட்சேபணையை, இந்த ஒரு கோப்பைப் பொறுத்தவரை, விலக்கிக்கொள்கிறேன்.


திண்ணைவாசி எழுதியது:

அப்படியானால் அந்த 30,000 டாலரை வைத்துக் கடைசிக் காலத்திலாவது அவர் தம் வீட்டில் நிம்மதியாக இருந்தாரா?


நெடுங்கரை எழுதியது:

இல்லை. மனைவி எலிசபெத் 1830 செப்டம்பரில் ஓக் ஹில்லில் இறந்துவிட்டார். அதன் பிறகு அவர் நியூயார்க்கில் இளைய மகள் மரியாவின் வீட்டுக்குப் போய்விட்டார். காங்கிரஸ் கொடுத்த பணம் கடன்காரர்களுக்குப் போனது. ஓக் ஹில்லையும் விற்றுவிடுவதென்று முடிவு செய்து அறிவித்திருந்தார்; அவர் இறக்கும்வரை அது விலைபோகவில்லை.